பாஸ்டன் கிங்: இரண்டு முறை கப்பல் ஏறிய ஒரு லாயலிஸ்ட் அகதி

"அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று, தோற்ற பிறகு கனடாவுக்கு ஓடிவந்த லாயலிஸ்ட் அகதி ஒருவரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது? அப்படிப்பட்டவர்களின் குடும்ப வரலாற்றை இன்று தேடி எடுக்க முடியுமா?" இதுதான் கேள்வி. இரண்டாவது பாதிக்கான பதில், "முடியும், ஆனால் யார் வீட்டுக் கதை என்பதைப் பொறுத்தது." அதற்குப் பிறகு வருகிறேன்.

லாயலிஸ்ட் என்றதும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வரும் படம் எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கிலோ நியூ ஜெர்சியிலோ வசதியாக வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பம். புரட்சிக்காரர்கள் நிலத்தைப் பறிமுதல் செய்கிறார்கள். குடும்பம் கப்பலேறி வடக்கே போய்க் கூடாரம் போட்டுக் காட்டை வெட்டிப் பிழைக்கிறது. பொய்யில்லை. சுமார் 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அதில் பாதிக்கும் மேல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குத்தான் போனார்கள். வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1784-ல் அந்த மாகாணத்தையே பிரித்து நியூ பிரன்ஸ்விக் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள்.

நான் சொல்லப்போவது அவர்களில் ஒருவரை அல்ல. பாஸ்டன் கிங் என்ற கறுப்பினத் தச்சு ஆசாரியை. காரணம் எளிது. இவரைப் பற்றி இரண்டு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. ஒன்று ராணுவ அதிகாரிகள் எழுதிய பேரேடு. மற்றொன்று அவரே தன் கையால் எழுதிய தன்வரலாறு. 1798-ல் லண்டனில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் மாத இதழில் தொடராக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுத்துவைத்த லாயலிஸ்ட் கதைகள் அதிகம் இல்லை.

பிறந்தது 1760 வாக்கில், தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 28 மைல் தள்ளி ரிச்சர்ட் வேரிங் என்பவரின் தோட்டத்தில். அப்பாவைச் சிறுவயதிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தோட்டத்தில் பல வருடம் கங்காணி வேலை பார்த்தார். எஜமானுக்குப் பிடித்தமானவர், பக்திமான். அம்மாவுக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதும், தோட்டத்து ஆட்களுக்குத் துணி தைப்பதும் வேலை. பச்சிலை வைத்தியம் தெரியும். அதை அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் கற்றுக்கொண்டார். குடும்ப வரலாறு என்று கேட்டால் இவ்வளவுதான். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் மகன் எழுதவில்லை. வேரிங் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். அடிமைக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது: பெற்றவர்கள் பெயர் இருக்காது, உடமைக்காரன் பெயர் கட்டாயம் இருக்கும்.

ஆறு வயதில் வீட்டு எடுபிடி, ஒன்பது வயதில் மாடு மேய்ப்பு, பதினாறில் ஒரு தச்சு மேஸ்திரியிடம் தொழில் பழகுவதற்காக விடப்பட்டார். போர்க்காலம். ஆணி கிடைப்பதே அரிது. வேலையாட்களுக்கு ஆணியை எடை போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிடப் போகும்போது பழகுகிற பையன்கள் காவல் இருக்க வேண்டும். ஒரு நாள் பாஸ்டன் காவல் முறை முடிந்து சாப்பிடப் போன நேரத்தில் இன்னொரு பையன் ஆணிகளை எடுத்துவிட்டான். பழி இவர் மேல் விழுந்தது. மேஸ்திரி அடித்த அடியில் மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வேரிங் நேரில் வந்து மேஸ்திரியைக் கண்டித்தார், இன்னொரு முறை நடந்தால் பையனை வேறு இடத்தில் விடுவேன், செலவை நீதான் தர வேண்டும் என்று. பாஸ்டன் இதை நன்றியோடு எழுதுகிறார். எனக்கு அதில் சொத்துக்குச் சேதம் வந்த ஆளின் கோபம்தான் அதிகம் தெரிகிறது.

அவர் பிரிட்டிஷ் பக்கம் போன விதத்தைப் பாருங்கள். அரசர் மேல் பக்தி, சாம்ராஜ்யத்தின் மேல் பற்று எதுவும் இல்லை. பெற்றோரைப் பார்த்துவர ஒரு குதிரையை இரவல் வாங்கினார். வேறொரு வேலையாள் அதை வாங்கிக்கொண்டு போய், சொன்ன நாளைத் தாண்டியும் திரும்பி வரவில்லை. குதிரைக்குச் சொந்தக்காரர் இரக்கம் தெரியாத மனிதர். திரும்பிப் போனால் தோலை உரித்துவிடுவார். 1780-ல் சார்ல்ஸ்டன் பிரிட்டிஷார் கைக்கு வந்திருந்தது. நேராக அங்கே போய்ச் சேர்ந்தார். அதுவரை அறியாத சுதந்திரத்தின் மகிழ்ச்சியை அங்கேதான் உணரத் தொடங்கியதாகவும், சொந்தபந்தங்களை விட்டுவந்த துக்கமும் கூடவே இருந்ததாகவும் எழுதுகிறார்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1775-ல் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபுவும், 1779-ல் தளபதி ஹென்றி கிளிண்டனும் அறிவிப்பு வெளியிட்டிருந்தார்கள்: கலகக்காரர்களின் அடிமைகள் எங்களிடம் ஓடிவந்தால் விடுதலை. கலகக்காரர்களின் அடிமைகள் என்பதைக் கவனியுங்கள். அரசருக்கு விசுவாசமான எஜமானர்களின் அடிமைகளுக்கு அது பொருந்தாது. எதிரியின் வேலையாட்களைப் பறிப்பதற்கான போர் உத்தி அது. பிற்பாடு கனடா வந்த வெள்ளைக்கார லாயலிஸ்டுகள் தங்களோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பதிவேட்டில் அவர்களை 'வேலைக்காரர்' என்று நாகரிகமாக எழுதி வைத்தார்கள்.

பிரிட்டிஷ் முகாமில் முதலில் கிடைத்தது அம்மை நோய். நோய் கண்ட கறுப்பினத்தவரை முகாமிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சில சமயம் ஒரு நாள் முழுக்கச் சோறு தண்ணீர் இல்லை. அறிமுகமான ஒரு சிப்பாய் கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினான். பின்னால் அந்தச் சிப்பாய் காயம்பட்டபோது இவர் ஆறு வாரம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். இன்னொரு முறை, எதிரிகளால் சூழப்பட்ட ஒரு படைப்பிரிவுக்காக 24 மைல் உயிரைப் பணயம் வைத்துச் செய்தி கொண்டுபோனார். அதற்குப் பரிசாக ஒரு கர்னல் 3 ஷில்லிங் பணமும் ஏகப்பட்ட வாக்குறுதிகளும் கொடுத்தாராம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பின்னாளில் போதகரான அவருடைய எழுத்துக்குள் இப்படி அங்கங்கே ஓர் ஆசாரியின் குத்தல் எட்டிப்பார்க்கும்.

பிறகு நியூயார்க். தச்சு வேலை தெரியும், கருவி இல்லை. வீட்டு வேலைக்குப் போனார். சம்பளம் சரியாக வரவில்லை. அங்கேதான் வயலட்டைத் திருமணம் செய்துகொண்டார். கடலில் படகு வேலைக்குப் போனபோது அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டு நியூ ஜெர்சியில் வைத்தார்கள். நன்றாகத்தான் நடத்தினார்கள். வயிறு நிறையச் சாப்பாடு. ஆனால் மறுபடி அடிமை. ஆற்றில் நீர் வற்றும் நேரத்தைப் பல நாள் கவனித்து வைத்துக்கொண்டு, ஓர் இரவு ஒரு மணி வாக்கில், காவலாளிகள் பேசும் சத்தம் காதில் விழும் தூரத்தில், அம்பாய் அருகே தண்ணீருக்குள் இறங்கி நடந்து கரையேறினார். பகல் முழுக்க ஒளிந்திருந்து, ஸ்டேட்டன் தீவு வழியாக நியூயார்க் திரும்பினார்.

1783-ல் சமாதானம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எங்களைத் தவிர என்கிறார் கிங். ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு, அமெரிக்கர்களின் 'நீக்ரோக்களையோ வேறு சொத்துகளையோ' பிரிட்டிஷார் கொண்டுபோகக் கூடாது என்றது. பழைய எஜமானர்கள் நியூயார்க் தெருக்களில் வந்து ஆட்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். தூங்குகிறவர்களைப் படுக்கையிலிருந்தே இழுத்துப்போன கதையும் உண்டு. பல நாள் பசியும் எடுக்கவில்லை, உறக்கமும் வரவில்லை என்று எழுதுகிறார்.

அவர்களைக் காப்பாற்றியது பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனின் ஒரு வாதம். ஒப்பந்தத்துக்கு முன்பே எங்களிடம் வந்தவர்கள் ஏற்கெனவே விடுதலை பெற்றவர்கள், எனவே அவர்கள் யாருடைய சொத்தும் அல்ல என்றார். 1783 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டனை நேரில் சந்தித்தபோதும் இதையே சொன்னார். வாஷிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்தே ஆட்கள் ஓடியிருந்தார்கள். பின்னால் யாராவது இழப்பீடு கேட்டால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று, கப்பலேறும் ஒவ்வொரு கறுப்பினத்தவரின் பெயர், வயது, உருவம், பழைய எஜமானர், ஊர், ஓடிவந்து எத்தனை வருடம் என்று பேரேட்டில் எழுதச் சொன்னார் கார்ல்டன். 'நீக்ரோக்கள் புத்தகம்' என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். 3,000 பேர். அதை வைத்து எந்த எஜமானருக்கும் இழப்பீடு போனதில்லை.

1783 ஜூலை 31-ம் தேதி 'லபொண்டான்ஸ்' என்ற கப்பலின் பட்டியலில் பாஸ்டன் கிங், வயது 23, திடகாத்திரமானவர், முன்னாள் உடமையாளர் ரிச்சர்ட் வேரிங். கூடவே வயலட் கிங், வயது 35, வட கரோலினா வில்மிங்டனைச் சேர்ந்த கர்னல் யங் என்பவரின் முன்னாள் உடமை. கணவரை விட 12 வயது மூத்தவர், வேறு மாகாணத்திலிருந்து தனியாகத் தப்பி வந்த பெண். இந்த விவரம் பேரேட்டில்தான் இருக்கிறது. கணவர் எழுதிய தன்வரலாற்றில் வயலட்டின் முன்கதை இல்லை. அதே கப்பலில் ஹாரி வாஷிங்டன் என்று ஒருவர், வயது 43. ஆம், அந்த வாஷிங்டன் வீட்டு அடிமைதான்.

இறங்கிய இடம் நோவா ஸ்கோஷியாவின் தெற்குக் கரை. பக்கத்தில் ஷெல்பர்ன், ஒரே வருடத்தில் சுமார் 10,000 பேர் குவிந்த திடீர் நகரம். கறுப்பினத்தவருக்குச் சில மைல் தள்ளிப் பர்ச்டவுன். நியூயார்க்கில் அவர்களுக்குக் கொடுத்த விடுதலைச் சான்றிதழ்களில் கையெழுத்திட்ட பிரிகேடியர் பர்ச் பெயரில் வைத்த ஊர். 1784 கணக்கெடுப்பில் அங்கே 1,500-க்கும் மேற்பட்டவர்கள். பாறையும் சதுப்பும் கலந்த மண். முதல் குளிர்காலத்தைப் பலர் தரையைத் தோண்டி மேலே மரக்கட்டையால் கூரை போட்ட பள்ளங்களில் கழித்தார்கள். அந்தப் பள்ளங்களைத் தொல்லியலாளர்கள் பின்னாளில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அரசு சொன்னது என்னவோ குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர். வெள்ளையர்களுக்கே அது இழுத்தடித்துத்தான் கிடைத்தது. பர்ச்டவுனில் 1788-ல் 184 பேருக்கு நிலம் வந்தது, சராசரி 34 ஏக்கர். மற்ற குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. நிலம் இல்லாதவன் கூலிக்குத்தான் போக வேண்டும். கறுப்பினத்தவர் குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1784 ஜூலையில், படையிலிருந்து கலைக்கப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஷெல்பர்னில் கலவரம் செய்தார்கள். சுமார் இருபது வீடுகளை இடித்தார்கள். இடித்தவர்களும் லாயலிஸ்ட் அகதிகள், வீடு இழந்தவர்களும் லாயலிஸ்ட் அகதிகள். ஒரே அரசருக்காகப் போரிட்டு, ஒரே தோல்வியில் ஓடிவந்தவர்கள். இந்த விஷயத்தை நினைவு விழாக்களில் யாரும் பேசிக் கேட்க முடியாது.

பிறகு பஞ்சம் வந்தது. ஐந்து பவுண்டு எடை மாவுக்கு நல்ல உடையை விற்றார்கள். போர்வையையும் விற்ற பிறகு தெருவில் விழுந்து செத்தார்கள். நாயையும் பூனையையும் தின்றார்கள். கிங் வேலை தேடி அலைந்து ஜனவரி 20-ம் தேதி ஷெல்பர்ன் வந்தபோது, ஒரு கேப்டன் மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். இரவு முழுக்க விழித்து வேலை செய்து காலை எட்டு மணிக்குள் முடித்து, மூன்றடிப் பனியில் சுமந்துகொண்டு போனார். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வேறொன்று செய்யச் சொன்னார் கேப்டன். திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் பல முறை விழுந்தார். வீட்டில் இருவருக்குமாக மிச்சம் இருந்தது ஒரு பைண்ட் மக்காச்சோள மாவு. இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோகும்போது, இதையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று ரம்பத்தையும் கையில் எடுத்துக்கொண்டார், விற்பதற்கு. இந்த முறை கேப்டன் வாங்கிக்கொண்டு மக்காச்சோளம் கொடுத்தார். முதல் பெட்டி 2 ஷில்லிங் 6 பென்ஸுக்குப் போனது. ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கொடுத்து வாங்கிய ரம்பத்தை 3 ஷில்லிங் 9 பென்ஸுக்கு விற்றார். ஓர் ஆசாரி ரம்பத்தை விற்கிறான் என்றால் நாளைய பிழைப்பை இன்றைக்கு விற்றுச் சாப்பிடுகிறான் என்று பொருள். அவரோ கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

அந்தக் கட்டத்திலிருந்து அவர் மீண்டது தொழிலால்தான். சால்மன் மீன் பிடிக்கும் தட்டைப் படகு மூன்று, ஒன்றுக்கு ஒரு பவுண்டு என்று ஒருவர் ஒப்பந்தம் கொடுத்தார். ஆணியும் தாரும் அவரே தந்தார். வேலை நன்றாக இருந்ததால் மேலும் படகு வேலை வந்தது. பிறகு மீன்பிடிக் கப்பலில் போனார். ஒரு பருவம் முடிந்து திரும்பும்போது 15 பவுண்டும் இரண்டு பீப்பாய் மீனும் கூலி. அந்தக் குளிர்காலத்துக்கு வீட்டில் இருந்த சாமானை அவர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்: ஒரு பீப்பாய் மாவு, மூன்று புஷல் சோளம், ஒன்பது கேலன் வெல்லப்பாகு, 20 புஷல் உருளைக்கிழங்கு, அந்த இரண்டு பீப்பாய் மீன். உருளைக்கிழங்கு, இவர் கடலில் இருந்தபோது வயலட் நட்டது. பர்ச்டவுனில் நான் கண்ட மிகச் சிறந்த குளிர்காலம் என்கிறார். அவருடைய ஆன்மிக அனுபவங்களை விவரிக்கும் பக்கங்கள் நிறைய. அந்த இதழின் வாசகர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். எனக்கு இந்தச் சாமான் பட்டியல்தான் அந்தக் குடும்பத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

வயலட்தான் முதலில் மெதடிஸ்ட் சபையில் மனம் திரும்பினார், மோசஸ் வில்கின்சன் என்ற கண்பார்வையற்ற கறுப்பினப் போதகரின் பேச்சைக் கேட்டு. கணவர் பின்னால் வந்தார். 1791-ல் ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். பிழைப்பும் ஓரளவு நிமிர்ந்துவிட்டது.

அப்போதுதான் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் பற்றிய பேச்சு வந்தது. தாமஸ் பீட்டர்ஸ் என்ற முன்னாள் ராணுவ சார்ஜெண்ட், நிலம் கிடைக்காத கறுப்பினத்தவரின் மனுவோடு லண்டனுக்கே போனார். அங்கே அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் நடத்திய சியரா லியோன் கம்பெனி, ஆப்பிரிக்காவில் இடம் தருகிறோம் என்றது. ஜான் கிளார்க்சன் என்ற கடற்படை அதிகாரி வந்து ஆள் சேர்த்தார். ஆணுக்கு 20 ஏக்கர், மனைவிக்கு 10, குழந்தைக்கு 5, நிலவரி கிடையாது என்பது வாக்கு. 1792 ஜனவரி 15-ல் ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் சுமார் 1,190 பேர் கிளம்பினார்கள். கிங்குக்கு வறுமையால் போக வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. ஆப்பிரிக்க மக்களிடம் மதம் பரப்பும் ஆசையில் போனார். அப்பாவைத் திருடிக்கொண்டு வந்த கண்டத்துக்கு மகன் போதகராகத் திரும்புகிறார். ஆனால் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் வயலட் இறந்துவிட்டார். குடியேறிய கூட்டத்தில் முதல் மழைக்காலத்தையே தாண்டாதவர்கள் பலர்.

கிங், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த புல்லம் கரையில் நான்கு பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்தார். 1794-ல் கம்பெனி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் பள்ளியில் இரண்டு வருடம் படித்தார். தன்வரலாறு அங்கே எழுதியதுதான். வெள்ளையர்கள் எல்லோரும் எதிரிகள் என்று அதுவரை நினைத்திருந்த மனசு அங்கே மாறியது என்கிறார். 1796-ல் திரும்பினார். 1802-ல், குடியேறிகளின் ஊரான ஃப்ரீடவுனுக்குத் தெற்கே ஷெர்ப்ரோ மக்களிடையே ஊழியம் செய்யப் போன இடத்தில் இறந்தார். நிலவரி கிடையாது என்ற வாக்குக்கு என்ன ஆனது என்றால், கம்பெனி வரி கேட்டது. 1800-ல் குடியேறிகள் கலகம் செய்தார்கள். தண்டனையாக நாடு கடத்தப்பட்டவர்களில், வாஷிங்டன் பண்ணையிலிருந்து ஓடிய அந்த ஹாரியும் ஒருவர்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. வெள்ளைக்கார லாயலிஸ்ட் குடும்பம் என்றால் வழி சுலபம். இழந்த சொத்துக்கு நஷ்டஈடு கேட்டு, பிரிட்டிஷ் அரசு லண்டனில் அமைத்த கமிஷனிடம் 3,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. வீடு, மாடு, மேசை வரை பட்டியல் இருக்கும். நில மானியப் பதிவு உண்டு. 1789-ல் டார்ச்செஸ்டர் பிரபு (நம் கார்ல்டன்தான், பட்டம் வாங்கிய பிறகு) லாயலிஸ்டுகளின் பெயர்களையும் வாரிசுகளையும் தனியாகக் குறிக்க உத்தரவு போட்டார். இன்றும் கனடாவில் சிலர் பெயருக்குப் பின்னால் 'யு.இ.' (யுனைடெட் எம்பயர்) போடுவது அதிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்டினால் லாயலிஸ்ட் சங்கம் சான்றிதழ் தருகிறது.

கறுப்பினக் குடும்பம் என்றால் பாதை வேறு. சொத்து இழந்தோம் என்று மனுப்போட அவர்களிடம் சொத்து இல்லை. அவர்களே சொத்தாக இருந்தவர்கள். மனுப்போட்ட சில கறுப்பினத்தவரின் கோரிக்கைகளும் பெரும்பாலும் தள்ளுபடியாயின. எனவே 1783 பேரேட்டில் ஆரம்பியுங்கள். நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பெயர் வைத்துத் தேடலாம். அங்கே கிடைக்கும் வயதையும் கப்பல் பெயரையும் வைத்துக்கொண்டு 1784-ன் பர்ச்டவுன் பட்டியலைப் பாருங்கள். அதில் தொழிலும் இருக்கும். 1792-க்குப் பிறகு பெயர் மறைந்துவிட்டால், அவர்கள் சியரா லியோன் கப்பலில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் தேட வேண்டியது லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஃப்ரீடவுனிலும். சியரா லியோன் போனவர்களின் சந்ததி அங்கே இன்றைய க்ரியோ என்ற சமூகத்தில் கலந்திருக்கிறது. பெயர் தொடர்ந்தால், பிரெஸ்டன் போன்ற ஊர்களின் தேவாலயப் பதிவேடுகள் கைகொடுக்கும்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஹாரி பழைய எஜமானர் பெயரையே வைத்துக்கொண்டார். பாஸ்டன், வேரிங் என்று வைத்துக்கொள்ளவில்லை. பெயரை விட்டுவிட்டு, உடமையாளர் பெயரும் ஊரும் உள்ள கட்டத்தைப் பிடியுங்கள். அந்த எஜமானரின் உயில், சொத்துப் பட்டியல், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லிப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம், இவற்றில்தான் முந்தைய தலைமுறையின் பெயர் எப்போதாவது அகப்படும்.